துருக்கை

பாய் ஜும்மாவுக்குப் போயிருக்கிறார், தொழுது முடித்துத் திரும்பி வந்ததும் அந்தப் பெட்டியைத் திறப்பார், பெட்டிக்குள்ளே ஈரச்சாக்குக்கு நடுவில் என் கை இருக்கிறது. கை இல்லை, கை வைத்த தகடு. நேற்று சாயங்காலம் வைத்தது. ஒரு முழு ராத்திரியும் ஒரு காலைப்பொழுதும் என் கை என்னை விட்டுவிட்டு அந்தத் தேக்குப் பெட்டிக்குள் தனியாக இருந்திருக்கிறது, உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறதோ தெரியவில்லை. கண்ணாடி மாதிரித் தேய்த்த இரும்புத் தகடு அது, குனிந்தால் மூக்கு தெரிந்தது. பாயிடம் வேலை செய்கிற ரெஜினா அக்கா சுண்ணாம்பு போட்டுக் கழுவி, ஓரத்தைத் துணியால் பிடித்துக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள். "வை தம்பி" என்றார் பாய், வைத்தேன். "அழுத்து." அழுத்தினேன். "எடு." எடுத்தபோது தகட்டில் ஈரமாக ஒரு கை தெரிந்தது, உடனே மங்கி மறைந்துவிட்டது. மறைந்துவிட்டதே என்று நான் சந்தோஷப்பட்டேன், பாய் சிரித்தார். "இப்பத் தெரியாது. இரும்பு நிதானமாத்தான் பேசும். நாளைக்குத் தொழுதுட்டு வந்து பாப்போம்." சில பேருடைய வேர்வை இரும்பை ஒன்றும் செய்யாது. சில பேருடைய வேர்வை பட்ட இடம் மறுநாளே செம்பட்டையாகப் பூத்துவிடும். அந்தக் கைக்கு இந்தத் துப்பாக்கி ரிப்பேர்க் கடையில் துருக்கை என்று பெயர். துருக்கைக்காரனைப் பட்டறையில் உட்கார வைப்பதில்லை, துப்பாக்கி என்பது நூறு சின்னச்சின்ன இரும்பு, ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுத்தான் பொருத்தியாக வேண்டும், தொட்டதெல்லாம் துருவென்றால் எங்கே போவது. பாயுடைய அப்பா காலத்திலிருந்து இதுதான் வழக்கம், படிப்பு அப்புறம், அரம் பிடிக்கிற லட்சணம் அப்புறம், முதலில் கை. தேறினவர்களின் தகடுகள் எதிர்ச் சுவரில் ஆணியில் தொங்குகின்றன, கீழே ஊசியால் கீறின பேர், மேலே ஒன்றுமில்லை, வெறும் பளபளப்பு. ஒன்றுமில்லாததை எண்ணெய் தடவி வரிசையாக மாட்டி வைத்திருக்கிறார்கள். கமாலுத்தீன் என்று ஒரு ஒன்றுமில்லாதது, அதுதான் பாய். ரெஜினா என்று ஒன்று. எட்வின் என்று ஒன்று, அந்த ஆள் இப்போது இங்கே இல்லை. கடைசியில் ஒரு ஆணி மட்டும் இருக்கிறது, தகடு இல்லாமல். அந்த ஆணியைப் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறேன், நினைக்கிறதற்குள்ளேயே பார்த்துவிடுகிறேன்.

கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறேன். "பொட்டி தொறக்கற வரைக்கும் ஒண்ணத்தையும் தொடாதே" என்பது பாய் சொல்லிவிட்டுப் போன கட்டளை. பைக்குள்ளே கை நனைகிறது. எனக்கு எப்போதுமே அப்படித்தான், பரீட்சைத் தாளில் கை பட்ட இடமெல்லாம் மை கரைந்துபோகும், கல்யாண வீட்டில் யாராவது கை குலுக்கினால் குலுக்கிவிட்டு வேட்டியில் துடைத்துக்கொள்வார்கள், துடைப்பதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கும்போது அளவு பார்க்கிற வெர்னியரில் என் பெருவிரல் அப்படியே பதிந்து சிவந்திருந்தது. வாத்தியார் அதைத் தூக்கிக் காட்டி, "டேய் தவசி, தூத்துக்குடியிலே உப்பளத்தையெல்லாம் மூடிட்டு உன் கையைக் குத்தகைக்கு எடுத்துக்கலாம்டா" என்றார், வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன், சிரிக்கும்போதே கை வேர்த்தது. அப்புறம் ஒரு டூல்ரூமில் வேலை கேட்டுப் போனேன், அங்கே கையைப் பார்த்ததுமே அனுப்பிவிட்டார்கள். பம்ப்செட் பட்டறையில் யாரும் கையைப் பார்க்கவில்லை, அங்கே எல்லாம் கிரீஸ், எல்லாருடைய கையும் ஒரே கறுப்பு. அங்கேயே இருந்திருப்பேன். அங்கே கடைசலில் பிடித்த ஒரு பெரிய திருகாணியை இந்தக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடு என்று அனுப்பாமல் இருந்திருந்தால் அங்கேயே இருந்திருப்பேன். கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றேன். ரெஜினா அக்கா ஒரு ரெட்டைக் குழலைச் சன்னலுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பார்க்கிறாள் என்று நான் கேட்கவில்லை, கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை, ஆனால் என் முகம் கேட்டிருக்க வேண்டும். "பாக்கறியா? காலிதான், பயப்படாதே" என்று குழலை என் கண்ணுக்கு நேரே நீட்டினாள். பார்த்தேன். அதை எப்படிச் சொல்வது. இரும்புக்குள்ளே அவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வெளியிலிருந்து பார்த்தால் கறுத்த ஒரு குழாய், உள்ளே வளையம் வளையமாக வெள்ளி, ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம், அதற்குள் இன்னொன்று, கிணற்றில் கல் போட்டால் அலை விரியுமே, அந்த அலையெல்லாம் அப்படியே நின்றுவிட்ட மாதிரி, கடைசியில் ஒரு காசளவு வானம். அந்த வானத்தில் ஒரு காக்கை குறுக்கே போனது. "வளையம் எல்லாம் வட்டமா இருக்கா? எங்கியாவது முட்டை மாதிரி நசுங்கியிருந்தா அந்த எடத்துல குழல் அடிவாங்கியிருக்குன்னு அர்த்தம்" என்றாள். எனக்கு அவள் சொன்னது பாதிதான் காதில் ஏறியது. சாவு போகிற வழி இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று முதுகுத்தண்டில் ஒரு குளிர். குண்டு ஓடுகிற வழி. நான் கண்ணை வைத்திருக்கிற இடத்திலிருந்து அந்தக் காசளவு வானம் வரைக்கும். கண்ணை எடுக்க மனசே வரவில்லை.

வீட்டில் சொன்னபோது அம்மா தோசைக்கரண்டியோடு திரும்பினாள். "துப்பாக்கி ரிப்பேரா? நீயா? பால்காரர்கிட்ட நாளைக்குப் பால் வேணாம்னு சொல்லவே உனக்கு வாய் வராது, அவரும் ஊத்திட்டுப் போயிடறாரு, நாம டீயா குடிச்சுட்டுக் கெடக்கறோம்." உண்மைதான். எனக்குச் சத்தம் வராது. பிறந்ததிலிருந்து கதை கேட்டே வளர்ந்தவன், கதை கேட்கிறவனுக்கு ஒரே ஒரு வேலை, ம் கொட்டுவது. தாத்தா ஒரு வரி சொல்லி நிறுத்துவார், நான் ம் என்றால்தான் அடுத்த வரி, ம் வரவில்லையென்றால் ராசகுமாரன் ஆற்றங்கரையிலேயே நின்றுகொண்டிருப்பான், ஒற்றைக் காலைத் தண்ணீரில் வைத்தபடி. பாவம் நிற்கிறானே என்று அவசரமாக ம் கொட்டுவேன். அப்படியே பழகிவிட்டது, இன்றைக்கும் யார் என்ன சொன்னாலும் ம். தாத்தாவின் கதைகளில் எல்லா வீரனும் எதையாவது பதித்துவிட்டுத்தான் போவான். குதிரைக் குளம்பு, வாள் கீறின கோடு, அழுத கண்ணீர் ஓடின தடம். கைப்பாறைக் கதை அவருக்கு ரொம்பப் பிடித்தது. மழையான மழை, அடைமழை, ஏரிக்கரை உடையப் போகுது, ஊரே தூங்குது, ம், மடைக்காவல்காரன் ஒருத்தன்தான் முழிச்சிருக்கான், கரையிலே ஒரு பாறை அசையுது, ம், போனான், வெறுங்கையை வைச்சான், அழுத்தினான், விடிய விடிய எடுக்கலே, விடிஞ்சு ஊர் வந்து பார்த்தா கரை நிக்குது, காவல்காரனைக் காணோம், ம், பாறையிலே கை மட்டும் இருக்குது, அஞ்சு விரலும் ரேகையும். தொட்டவன் போனாலும் தொட்ட எடம் போகாதுடா பயலே. அந்தப் பாறையைப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், அது ரொம்ப தூரத்திலே இருக்குது என்பார். இப்போது இந்தச் சுவரைப் பார்க்கிறேன். இங்கே எல்லாம் தலைகீழ். தொட்டும் ஒன்றும் பதியாதவன்தான் இங்கே வீரன். தாத்தா இந்தச் சுவரைப் பார்த்தால் என்ன சொல்லுவார், என்னடா இது, ஒருத்தனும் ஒண்ணும் பண்ணாமப் போயிருக்கானே என்று சொல்லுவாரோ.

பெட்டி அசையாமல் இருக்கிறது. மூடியோரத்தில் சாக்கின் நூல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் நுனியில் ஒரு சொட்டு விழாமல் நிற்கிறது. அந்தப் பெட்டி என் தகட்டுக்காகச் செய்ததில்லை, துரு வளர்க்கிற பெட்டி அது. துருவை வளர்க்கிறார்கள் என்று முதல் நாள் கேட்டபோது விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். பழைய குழலுக்குக் கறுப்பு ஏற்றுவது அப்படித்தானாம். பழைய சாயத்தை எல்லாம் தேய்த்து வெள்ளை இரும்பாக்க வேண்டும், சுண்ணாம்பால் கழுவி எண்ணெய்ப் பிசுக்கு ஒரு பொட்டுக்கூட இல்லாமல் எடுக்க வேண்டும், அதற்குமேல் திராவகம் தடவி இந்தப் பெட்டிக்குள் வைத்தால் மழைக்காலம் மாதிரி ஈரம், ராத்திரியோடு ராத்திரியாகக் குழல் முழுக்க மெல்லிசாகத் துரு பூக்கும், பூனைமுடி மாதிரி. அதை அப்படியே எடுத்துக் கொதிக்கிற தண்ணீர்த் தொட்டியில் விட வேண்டும். "விட்டா?" என்று நான் கேட்டது ரெஜினா அக்காவுக்கே ஆச்சரியம், நான் வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான். "விட்டா செவப்பு கறுப்பாயிரும். கறுப்பு ஆயிட்டா அதுக்கப்புறம் அது இரும்பைத் திங்காது, காவல் காக்கும். துருவை வெச்சே துருவுக்குக் கதவு சாத்தறது." நான் இன்னும் அதைப் பார்த்ததில்லை. கேட்டதுதான். கேட்டதையே நினைத்து நினைத்துப் பார்த்ததில் பாதி பார்த்த மாதிரி ஆகிவிட்டது. இந்தக் கடையில் கேட்கிறதெல்லாம் அப்படித்தான் இருக்கிறது. துப்பாக்கியின் குதிரையைத் தள்ளுகிற வில்லை, அந்த ஸ்பிரிங்கைக் காய்ச்சும்போது இரும்பு நிறம் மாறுமாம், முதலில் வைக்கோல், அப்புறம் கத்தரிப்பூ, அப்புறம் மயில்கழுத்து, மயில்கழுத்து வந்ததும் எண்ணெயில் விட்டுவிட வேண்டுமாம், ஒரு மூச்சு தாமதித்தால் மயில் பறந்துவிடுமாம், வில்லுக்கு வீரியம் போய்விடுமாம். இரும்புக்குள்ளே மயில் இருப்பதை ஐ.டி.ஐ.யில் யாரும் சொல்லவில்லையே. இதெல்லாம் எனக்கு வேண்டும். எனக்கு வேண்டும் என்று நான் எதையும் இவ்வளவு கேட்டதில்லை. பைக்குள்ளே விரல்கள் ஒன்றோடொன்று வழுக்குகின்றன. கையுறை போட்டுக்கொண்டு செய்யக் கூடாதா என்று நேற்று மெல்லக் கேட்டேன், பாய் காதில் விழவில்லை, அக்கா காதில் விழுந்தது, அவள் சத்தமாக எடுத்துச் சொன்னாள், பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கழுவுறதுக்கும் திராவகத்துக்கும் சரி. குதிரையும் வில்லும் கவ்வுற எடத்துல முடியளவு பிடிப்பு இருந்தா விரலுக்குத் தெரியணும்ப்பா. கையுறை போட்டுக்கிட்டு நாடி பாக்கற வைத்தியனைப் பாத்திருக்கியா நீ?" ம் என்றேன். எதற்கு ம் என்றேனோ.

"தம்பி, நான் கொல்லைப்பக்கம் அடுப்பைப் பத்தவெக்கப் போறேன். தண்ணி கொதிக்க நேரமாவும். அந்தக் குழல் பக்கம் மூச்சுக்கூட விடாதே, இப்பத்தான் கழுவி வெச்சிருக்கேன், வந்து திராவகம் தடவணும்" என்று சொல்லிவிட்டு அக்கா பருத்திக் கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறாள். குழல் மேஜை மேல் மரத்தாங்கியில் கிடக்கிறது. ரெட்டைக் குழல், கோத்தகிரிப் பக்கத்துப் போஜன் ஐயாவுடையது, பயிர்க் காவலுக்கு அவருடைய அப்பா வாங்கியது. இரண்டு முனையிலும் தண்ணீர் உள்ளே போகாமலிருக்க மரத்தக்கை அடித்து, பிடித்துத் தூக்க வாகாகத் தக்கையை நீளமாக விட்டிருக்கிறது. நான் கிட்டே போகிறேன், மூச்சை அடக்கிக்கொண்டு. தோலை உரித்த மாதிரி வெள்ளையாக இருக்கிறது. ஒரு பிள்ளை பக்கத்தில் இன்னொரு பிள்ளை ஒட்டிப் படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது. எண்ணெய் இல்லை, சாயம் இல்லை, இரும்பு இப்படி அம்மணமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. பம்ப்செட் பட்டறை இரும்புக்கும் இதற்கும் ஒரே பேர்தானா. அரைவாசி இறக்கியிருந்த ஷட்டருக்கு அடியில் ஒரு தலைப்பாகை குனிகிறது. "பாய் இல்லீங்களா?" போஜன் ஐயா. வெள்ளைத் துப்பட்டியைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு நேரே உள்ளே வந்துவிடுகிறார், வெகுநாள் பழக்கம். "தொழுகைக்குப் போயிருக்காருங்க" என்கிறேன், "என்னது?" என்கிறார், திரும்பச் சொல்கிறேன். "ஆமா, வெள்ளிக்கெழமை, மறந்துட்டேன். கேரட் லோடு வந்துச்சு, அதுலயே வந்துட்டேன். இதுங்களா நம்ம குழலு? அடேயப்பா, எங்கப்பனை மொட்டையடிச்ச மாதிரி இருக்குதே!" சிரிக்கிறார். இதை வைத்து எதையாவது சுட்டிருக்கிறீர்களா என்று கேட்க வேண்டும்போல் இருக்கிறது, கேட்க வாய் வரவில்லை, அவரே சொல்கிறார். "பன்னிக்கு ஒரு சத்தம் போதும் தம்பி, வானத்தைப் பாத்து ஒண்ணு விட்டா ஓடிப்போயிரும். காட்டெருமைக்கு அதுவும் வேணாம், அது நம்மளைப் பாத்துட்டு நின்னா நாமதான் ஓடணும். எங்கப்பன் ஆயுசுல வானத்தைத்தான் சுட்டாரு." சொல்லிக்கொண்டே குனிந்து, "இதென்ன கட்டை, வாயில வெச்சு அடைச்சிருக்கறீங்க" என்று தக்கையின் நுனியைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்புகிறார். நான் வேண்டாங்க என்று சொல்கிறேன். சொன்னேனா. உதடு சொன்னது. குழல் தாங்கியில் புரண்டு, மேஜை விளிம்பில் ஒரு கணம் யோசித்து, இறங்குகிறது.

கீழே சிமெண்டுத் தரை. என் கை பையிலிருந்து எப்போது வெளியே வந்தது என்று எனக்குத் தெரியாது. குழல் என் இரண்டு கையிலும் இருக்கிறது. முழங்காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருக்கிறேன், முழங்கால் எரிகிறது, குழல் தரைக்கு ஒரு சாண் மேலே, என் கையில். முதலில் குளிர்ச்சி. குளத்து மீனைப் பிடித்த மாதிரி. அப்புறம் கனம், இவ்வளவு ஒல்லியான ஒன்றுக்கு இவ்வளவு கனமா என்கிற கனம். அதற்கப்புறம்தான், ஐயோ, தொட்டுவிட்டேன். ஒவ்வொரு விரலுக்கு அடியிலும் ஈரம் ஊறுவது தெரிகிறது, இரும்பு அதை வாங்கிக்கொள்வது தெரிகிறது. வெள்ளையான எதிலாவது சேற்றுக்காலோடு ஏறிவிட்டால் அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தெரியாதே, அந்த மாதிரி விரலை நகர்த்த முடியவில்லை, நகர்த்தினால் இன்னொரு இடம் பட்டுவிடும். வலதுகை உள்ளங்கை பின்முனைக்குச் சற்று மேலே, பெருவிரல் நடு முதுகில், இரண்டு குழலும் ஒட்டுகிற வாய்க்காலில். இடதுகை நாலு விரலும் அடிப்பக்கம், பெருவிரல் இடது குழலின் பக்கவாட்டில். சுண்டுவிரல் முழுதாகப் படவில்லை, நுனி மட்டும். தக்கையை மட்டும் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் இரண்டு முனைக்கும் நகர்த்தி, தூக்கித் தாங்கியில் வைக்கிறேன். "சபாசு!" என்கிறார் போஜன் ஐயா, அவருக்கு முகம் வெளுத்திருக்கிறது. "சாமி, நல்லவேளை, விழுந்திருந்தா எங்கப்பன் கனவுல வந்து ஒதைச்சிருப்பாரு. நசுங்கலேல்ல? ஒரு கீறல்கூட இல்லேல்ல? அப்ப விடுங்க. பாய்க்குத் தெரிஞ்சா, வயசான ஆளு வேலை செய்யற எடத்துல கையை வெச்சியான்னு என்னைப் போட்டு வாங்கிருவாரு. நீங்க சொல்ல வேணாம், நானும் சொல்லலே. தம்பி வாயே தெறக்கறதில்லே, அது ஒரு நல்ல கொணம்." ம் என்று வந்துவிட்டது வாயில். கதை அடுத்த வரிக்குப் போய்விட்டது. ராசகுமாரன் ஆற்றைத் தாண்டிவிட்டான்.

ஆனால் தாண்டவில்லையே. குழலைப் பார்க்கிறேன், ஒன்றும் தெரியவில்லை, நேற்றுத் தகட்டிலும் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். என் கை மாறியிருக்கலாம், வயது ஏறினால் வேர்வை மாறும் என்று யாரோ சொன்னார்கள், தகடு வெறுமையாக இருக்கலாம், அப்படியென்றால் இந்தக் குழலில் தொட்டதும் ஒன்றுமில்லை, சொல்லவே தேவையில்லை. தகடு சிவந்திருந்தால் அப்போது சொல்லிக்கொள்ளலாம், சொல்லிவிட்டுப் போய்விடலாம். அதற்குள் அக்கா வந்து திராவகம் தடவிவிடுவாள். தடவினால் பிசுக்குப் பட்ட இடத்தில் துரு சரியாகப் பிடிக்காது, உப்புப் பட்ட இடத்தில் ஒரேயடியாகப் பிடிக்கும், நாளைக்கு இந்தப் பெட்டியைத் திறந்தால் போஜன் ஐயாவின் அப்பா குழலில் என் விரல் ஒவ்வொன்றும் திட்டுத் திட்டாக எழுந்து நிற்கும், அக்கா மறுபடி அத்தனையும் தேய்க்க வேண்டும். பெட்டி திறந்த பிறகு சொல்லலாம் என்றால் நேரமில்லை, திறக்கும் முன்னே சொன்னால் பெட்டியைத் திறக்கவே வேண்டாம், நானே என் கையை எடுத்துக் காட்டினது மாதிரி. சுண்ணாம்பு அங்கே கிண்ணத்தில்தான் இருக்கிறது. கையுறை ஆணியில். நானே கழுவிவிடலாம், அக்கா வருவதற்குள். கழுவினால் போய்விடுமா, எவ்வளவு நேரம், எவ்வளவு சுண்ணாம்பு, எனக்கு என்ன தெரியும், கழுவுகிறேன் என்று இன்னும் கெடுத்து வைத்தால். கை பாறையில் இருக்கிறது, எடுத்தால் கரை உடைந்துவிடும். காவல்காரன் கூப்பாடு போட்டிருந்தால் ஊர் எழுந்து வந்திருக்குமே, அவன் ஏன் கூப்பிடவே இல்லை, இத்தனை வருஷத்தில் இதைத் தாத்தாவிடம் நான் கேட்டதே இல்லையே, ம் கொட்டிக்கொண்டே இருந்துவிட்டேனே. கொல்லைப்பக்கம் அடுப்பு புஸ்ஸென்று இரைகிறது. கால் அந்தப் பக்கம் போகிறது. "அக்கா." அடுப்புச் சத்தம். "அக்கா, தொட்டுட்டேன்." "என்னடா?" "தொட்டுட்டேன்." "சோறா? என் டப்பாவையா தொட்டே?" "குழலை. தொட்டுட்டேன்." மூன்றாவது தடவை சொன்னது எனக்கே சத்தமாகக் கேட்டது, தொட்டி மேல் உட்கார்ந்திருந்த புறா எழுந்து போனது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், போஜன் ஐயாவைப் பார்த்தாள், அவர் சுவரில் இருந்த தகடுகளை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்திருந்தார். கையுறையை மாட்டினாள். "எங்கெங்கே?" சொன்னேன். வலதுகை உள்ளங்கை இங்கே. பெருவிரல் இந்த வாய்க்காலில், இவ்வளவு தூரம். நாலு விரல் அடியில், இது நடுவிரல், கொஞ்சம் வழுக்கியது, அதனால் நீளமாக இருக்கும். சுண்டுவிரல் நுனி மட்டும். "டேய், சர்வேயர் வந்து அளந்த மாதிரி சொல்றே" என்றாள். சுண்ணாம்பைக் குழைத்து நான் காட்டின இடங்களில் முதலில் அப்பி, பிறகு குழல் முழுக்கத் தேய்த்தாள். நான் பையில் கையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்க்காலில் பெருவிரல் போனது. சுண்டுவிரல் போனது. எனக்கு இங்கே இனி வேலையில்லை, அது முடிந்துபோன மாதிரித்தான் இருந்தது, ஆனாலும் அந்த வெள்ளை இரும்பு மறுபடி வெறுமையாவதைப் பார்க்கிறபோது மனசில் ஒரு திருவிழா. "எம்மேலதான் தப்புங்க ரெஜினாம்மா" என்று சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார் போஜன் ஐயா, "எங்கப்பனைக் கீழே தள்ளிட்டேன், தம்பிதான் புடிச்சாரு."

அத்தர் வாசனை முதலில் வந்தது, பின்னால் பாய். தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே போஜன் ஐயாவுக்கு ஒரு சலாம், அக்காவிடம் ஒரு பார்வை, அக்கா நடந்ததை நாலு வரியில் சொன்னாள். பாய் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "இவ கேட்டதுக்கப்பறம் சொன்னியா, கேக்கறதுக்கு முந்தியா?" "முந்திங்க." "ம்" என்றார். முதல் தடவையாக எனக்கு ஒருவர் ம் கொட்டுகிறார். பெட்டிக்குப் போனார், மூடியைத் திறந்தார், சாக்கை விலக்கினார். அந்தச் சொட்டு அப்போதுதான் விழுந்திருக்கும். நான் எட்டிப் பார்த்தேன். தகட்டில் ஒரு கை இருந்தது. சிவந்த கை. செம்மண் பூமியை மேலேயிருந்து பார்த்தால் வாய்க்காலும் வரப்புமாகத் தெரியுமே அந்த மாதிரி அத்தனை ரேகையும், விரல் நுனியில் சுழி சுழியாக, சுழிக்குள் சுழி, நான் குழலுக்குள் பார்த்த வளையங்கள் மாதிரியே ஒன்றுக்குள் ஒன்று. இது எனக்குள்ளேயா இருந்தது. பயந்து பயந்து பையில் ஒளித்து வைத்திருந்தது இதையா. வெட்கமாக இருக்க வேண்டிய நேரம், எனக்கு வாய் பிளந்து நின்றது. "பிறந்ததுலேர்ந்து இந்த மாதிரி ஒரு துருவை நான் பாத்ததில்லை" என்றார் பாய், தகட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்து. "ஒரே ராத்திரியில. ரெஜினா, உன் திராவகம்கூட இவ்வளவு நேர்த்தியாப் புடிக்காது போல." போஜன் ஐயா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "சோசியரு பாத்தா நல்லாச் சொல்லுவாருங்க" என்றார்.

போகலாம் என்று நினைத்தேன். செருப்பு எங்கே விட்டேன் என்று பார்த்தேன். பாய் சுவரைக் காட்டினார். "அந்த எட்வின் தகட்டைப் பாரு. காஞ்ச கை. ரெண்டு தலைமுறைக்கு அப்படி ஒரு கை அமையாது. துடைக்கவே மாட்டான், எதுக்கு பாய், என் கைதான் ஒண்ணும் செய்யாதேம்பான். மழைக்காலத்துல யாரோ ஈரத்தோட கொண்டுவந்து குடுத்ததை அப்படியே பூட்டிக் குடுத்துட்டான். அந்த ஆளு தை மாசம் கொண்டாந்தாரு. தொறந்தா உள்ள குதிரையும் இல்லை வில்லும் இல்லை, ஒரு கைப்பிடி செம்மண்ணு. எங்க தொட்டே, என்ன பட்டுச்சுன்னு கேட்டா அவனுக்கு ஞாபகமே இல்லை." தன் இடுப்பில் செருகியிருந்த எண்ணெய்த் துணியை உருவினார். கறுத்து, மெத்தென்று, எத்தனை வருஷத்துத் துணியோ. என்மேல் எறிந்தார். இந்தத் தடவையும் பிடித்துவிட்டேன். "தொட்டா துடை. தண்ணி குடிக்கப் போனாலும் துடைச்சுட்டுப் போ. வீட்ல தீயே புடிச்சாலும் துடைச்சுட்டு ஓடு. ஒரு நாள் ஒரு எடம் மறந்தே, அன்னிக்கு நீயாவே செருப்பை மாட்டிக்க, நான் சொல்ல மாட்டேன். துப்பாக்கிக் கடையில புதுசா ஆள் சேந்தா போலீஸ்காரங்க விசாரிக்க வீட்டுக்கு வருவாங்க, அம்மாவைப் பயப்பட வேணாம்னு சொல்லி வை. என்ன?" ம் வரவில்லை. "சரிங்க பாய்" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

அக்கா தகட்டைத் துணியால் பிடித்து எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள், "வா, நீ பாக்கணும்னு சொல்லிட்டிருந்தியே" என்று கண்ணைக் காட்டினாள். தொட்டியில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. தகட்டைக் கம்பியில் கோத்து இறக்கினாள். ஆவிக்குள் குனிந்து பார்த்தேன். சிவந்த கை தண்ணீருக்கடியில் ஆடியது, யாரோ அடியிலிருந்து கையசைக்கிற மாதிரி. பார்த்துக்கொண்டே இருக்கும்போது உள்ளங்கையின் நடுவில் முதலில் ஒரு நிழல், நிழல் ரேகை வழியாக ஓடியது, விரல் ஒவ்வொன்றாக ஏறியது, சிவப்பு எங்கே போகிறது என்று தெரியவில்லை, போகவில்லை, அதேதான் இருண்டுகொண்டு வருகிறது, சுண்டுவிரல் நுனியில் கடைசியாக ஒரு செம்பொட்டு நின்றது, அதுவும் அணைந்தது. அக்கா தூக்கினாள். தண்ணீர் வடிந்து காய்ந்ததும் வெல்வெட் மாதிரி ஒரு கறுத்த கை, பளபளக்கிற வெள்ளைத் தகட்டின் நடுவே, ஐந்து விரலும் ரேகையும். அவள் எண்ணெயில் தோய்த்துத் துடைத்தாள், கறுப்பு துணியில் ஒட்டவில்லை, ஆழமாயிற்று. கொதிக்கிற சத்தத்துக்கு நடுவே தாத்தா ஒரு வரி சொல்லி நிறுத்தினது கேட்டது. அந்தப் பாறை ரொம்ப தூரத்திலே இருக்குது என்றாரே. பாய் உள்ளேயிருந்து கத்தினார், "பேரைக் கீறி நீயே மாட்டுப்பா, அந்தக் காலி ஆணி கண்ணை உறுத்துது." ஊசியால் தவசி என்று கீறினேன், வ கொஞ்சம் கோணிவிட்டது. வெறுமையான தகடுகளின் வரிசையில் கடைசியாக என் கறுத்த கையை மாட்டினேன். இரண்டு அடி பின்னால் வந்து பார்த்தேன், போஜன் ஐயா பக்கத்தில் நின்று பார்த்தார். அப்புறம் மறுபடி முன்னால் போய், மாட்டும்போது நான் பிடித்த ஓரம் இரண்டையும், ஆணியின் தலையையும், எண்ணெய்த் துணியால் துடைத்தேன்.